தவணையில் வீடு திரும்பியவர்

அணு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் ஓய்வு பெற்ற அன்று அவரில் பாதிதான் வீடு வந்து சேர்ந்தது. பிரிவு உபசார விழாவில் எல்லோரும் அவரை முழுசாகத்தான் பார்த்தார்கள். ஐந்து பேர் பேசினார்கள், ஐந்து பேரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், அவரும் கண் கலங்கிக் காரில் ஏறினார். வீட்டு வாசலில் டிரைவர் கதவைத் திறந்தபோது இறங்கியவர் தன் மனைவியின் முழங்கை உயரம்தான் இருந்தார். முகம் அதே முகம், நரைத்த மீசையும் அதே மீசை. கோட்டு மட்டும் சுருங்கி ஆளுக்குத் தகுந்த அளவில் இருந்தது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏறுவதற்கு அதிகத் தூரம் இல்லை. "மீதி எங்க?" என்று கேட்டாள். "ஆபீஸ்ல கொஞ்சம் வேலை இருக்கு" என்றார் அவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுப் பழகிய பதில் என்பதால் அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கடிகாரத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மீதி, அவர் சொன்னபடியே, ஆபீசில் இருந்தது. மறுநாள் காலை அதை முதலில் பார்த்தவர் துணை இயக்குநர். அவருக்கு நிலையத்தில் 'அடுத்தவர்' என்று பெயர். அடுத்த இயக்குநர் அவர்தான் என்று தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இயக்குநரின் தங்கையைத்தான் கட்டியிருந்தார். அன்று அவர் புது டை கட்டி, புதுப் பேனா ஒன்றைச் சட்டைப் பையில் செருகி, முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு திண்டைக்கூட வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார். கதவைத் திறந்தால், நாற்காலியில் மேஜைக்கு மேல் தலை மட்டும் தெரிகிற உயரத்தில் இயக்குநர் உட்கார்ந்து ஏதோ ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் பாதியானாலும் குரல் பாதியாகவில்லை. "என்ன மாப்பிள்ளை, காலங்காத்தால இந்தப் பக்கம்?" என்றார். அடுத்தவர் அந்தக் கேள்விக்கு ஆயிரம் பதில் சொல்லியிருக்கலாம். "ஒண்ணுமில்ல சார், சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த திண்டை இயக்குநரின் அடியில் வைத்து அவரைக் கொஞ்சம் உயர்த்தி உட்காரவைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

இந்த நிலையம் வந்த கதையைச் சொன்னால்தான் இந்த மனிதர்களைப் பற்றிப் புரியும். இரண்டு நகரங்களை ஒரே வாரத்தில் சாம்பலாக்கிய பொருளுக்கு எப்படியாவது நல்ல பெயர் வாங்கித் தந்துவிட வேண்டும் என்று பெரிய நாடுகளுக்கு அக்கறை வந்த காலம் அது. அடித்த கையாலேயே மிட்டாய் கொடுத்துக் குழந்தையைச் சமாதானம் செய்வது மாதிரி, சின்ன நாடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சின்ன அணு உலை கொடுத்தார்கள். இந்த ஊருக்கு வந்தது நீச்சல் குளம் போன்ற ஒரு தொட்டி. அடியில் எரிபொருள் கம்பிகள் இருக்கும், உலை ஓடும்போது தண்ணீர் நீலமாக ஒளிரும். ஊரே வரிசையில் நின்று எட்டிப் பார்த்து 'ஆ' என்றது. எதற்கு 'ஆ' என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. அப்போதுதான் வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கி வந்திருந்த இளைஞர் ஒருவரை நிலையத்துக்கு இயக்குநராகப் போட்டார்கள். அவருக்கு இயற்பியல் சுமாராக வரும், பேச்சு அருமையாக வரும். இன்னும் பத்து வருஷத்தில் மின்சாரத்துக்குக் கட்டணமே இருக்காது என்றார். ஒரு கைப்பிடி உலோகத்தில் ரயில் ஓடும், பாலைவனம் விளையும், மழை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு பெய்யும் என்றார். மீட்டர் பார்த்து எழுதுகிறவர்கள் இப்போதே வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது என்று ஒரு கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். கூட்டத்தில் இருந்த மீட்டர்காரர் ஒருவர் அதை நம்பி வேலையை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைத்தார். அவர் கடைக்கு மின்கட்டணம் எழுத மாதாமாதம் வேறொரு மீட்டர்காரர் வந்தார்.

பத்து வருஷம் கழித்தும் இயக்குநர் இன்னும் பத்து வருஷம் என்றார். ஊர் அப்போதும் கைதட்டியது. நிலையத்தின் கண்காட்சியில் கதிர்வீச்சுப் பட்ட உருளைக்கிழங்குகளை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். அவை முளைக்காது, அதுதான் அவற்றின் பெருமை. எதுவுமே செய்யாமல் கிடக்கிற உருளைக்கிழங்கைப் பார்க்கப் பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். ஆனாலும் நிலையத்தில் உருப்படியாக ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். பின்கட்டில், இயக்குநர் எட்டிக்கூடப் பார்க்காத ஆய்வுக்கூடத்தில், சிலர் பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிற்பாடு கட்டிய பெரிய உலையில் கோபால்ட் என்கிற உலோகத்தை நெடுங்காலம் வைத்து எடுத்தார்கள். அப்படி எடுத்த கோபால்ட்டிலிருந்து ஓயாமல் ஒரு கதிர் வரும். அளவாகக் காட்டினால் புற்றுக் கட்டியைச் சுட்டுப் பொசுக்கிவிடும். அதற்கு ஒரே ஒரு குறைதான். வைத்திருக்க வைத்திருக்க அதன் வீரியம் குறையும். ஐந்து வருஷத்துச் சொச்சத்தில் பாதியாகும், இன்னொரு ஐந்து வருஷத்துச் சொச்சத்தில் அந்தப் பாதியிலும் பாதியாகும். கதிர் வீசும் பொருள்களுக்கெல்லாம் இதுதான் வழக்கம், இதை அரை ஆயுள் என்பார்கள்.

ஆகவே இயக்குநருக்கு நடந்ததைப் பார்த்து நிலையத்தில் யாரும் மூர்ச்சை போட்டு விழவில்லை. பாதுகாப்புப் பிரிவுக்காரர்கள் கருவியோடு வந்து நாற்காலியில் இருந்த பாதியைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார்கள். கதிர்வீச்சு துளியும் இல்லை. அவ்வளவு காலம் ஒரே நாற்காலியில் இருந்தவர் ஒரே நாளில் எப்படிப் போவார், பாதி பாதியாகத்தான் போவார் என்று முடிவு சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். தலைநகரில் இருந்த அமைச்சகம் அவர் ஓய்வு பெற்றாரா இல்லையா என்று கொஞ்ச நாள் குழம்பியது. பிறகு மீதிப் பாதிக்குப் பதவி நீட்டிப்பு கொடுத்தது. பாதி ஆள் வேலை செய்வது அரசாங்கத்துக்கு ஒன்றும் புதுசில்லை. நீட்டிப்பு முடிந்த அன்று அந்தப் பாதியில் பாதி ஜீப்பில் வீட்டுக்கு வந்தது, மிச்சத்துக்கு மறுபடியும் நீட்டிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த கால் பங்கு, ஏற்கெனவே சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அரைப் பங்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. காலையில் பார்த்தால் ஒரே ஆளாக, மனைவியின் தோள் உயரம் இருந்தார்.

எந்தப் பங்கில் எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. முதல் பாதியில் பசியும் தூக்கமும் முழங்கால் வலியும் வந்தன. இரண்டாவது தவணையில் சீட்டு விளையாடும் ஆசையும், மனைவிக்கு ஒரு காலத்தில் பாட வரும் என்ற ஞாபகமும், கூடப் பிறந்தவள் மேல் இருந்த பாசமும் வந்தன. ஆபீசில் தங்கியது கையெழுத்து, கோபம், மேடைப் பேச்சு, 'பார்க்கலாம்' என்கிற வார்த்தை. அந்தப் பங்கை நிலையத்தில் எப்போதும் போல 'பெரிய சார்' என்றே கூப்பிட்டார்கள். பெரிய சார் இப்போது கைக்குழந்தை உயரம்தான் இருந்தார். உதவியாளர் அவரைத் தூக்கி நாற்காலியில் வைப்பார், மாலையில் இறக்கிவிடுவார். அடுத்தவர் தினமும் வந்து திண்டைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவார்.

இந்தக் காலத்தில்தான் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கோபால்ட் மெஷின் வந்தது. பின்கட்டு ஆட்கள் செய்த கோபால்ட்டை ஈயப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஆள் உயரத்துக்குத் தடிமனான கான்கிரீட் சுவர் வைத்து அறை கட்டினார்கள். அதற்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவும் வந்து சேர்ந்தார். எல்லாம் தயாரானதும் பெரிய சார் அறையைப் பூட்டி சாவியை வாங்கிக்கொண்டார். அமைச்சர் வந்து திறந்து வைக்க வேண்டும். அமைச்சர் தேதி கொடுத்தார், கல்வெட்டில் தேதி செதுக்கினார்கள், அமைச்சருக்கு வேறு வேலை வந்துவிட்டது. கல்லைத் தேய்த்துப் புதுத் தேதி செதுக்கினார்கள். அதுவும் தள்ளிப்போனது. இப்படித் தேய்த்துத் தேய்த்துக் கல் மெலிந்து, வெயில் அடித்தால் இந்தப் பக்கத்து வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. உள்ளே கோபால்ட் யாருக்கும் பயனில்லாமல் தன் பாட்டுக்கு வீரியம் இழந்துகொண்டிருந்தது. வெளியே வராந்தாவில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சில மாதங்களுக்குப் பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று டாக்டரம்மா ஒருவர்தான் விசாரித்தார்.

பெரிய சாரின் தங்கை, அதாவது அடுத்தவரின் மனைவி, ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளர். எல்லோருக்கும் எக்ஸ்சேஞ்ச் அக்கா. யார் யாருக்குப் போன் பண்ணுகிறார்கள், யார் யாருக்குப் பண்ணுவதில்லை என்று அவளுக்குத் தெரியாத வீடு ஊரில் கிடையாது. வாய் நீளம். அடுத்தவர் வீட்டில் சேர்த்து வைத்த மௌனத்தையெல்லாம் அவள் ஒருத்தியே பேசித் தீர்த்தாள். அந்தக் குரல் ஒரு வருஷம் கரகரத்தது, சளி என்று விட்டாள். பிறகு கட்டையாகி, ஆண் குரல் போல ஆனது. டாக்டரம்மா தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "குரல் நாண்ல ஒரு கட்டி வந்திருக்கு. நல்ல கட்டி இல்ல. ஆனா சின்னதா இருக்கு. இப்பவே கதிர் குடுத்தா கரைஞ்சிடும், குரலும் மிஞ்சும். விட்டா தொண்டையையே எடுக்கணும், அதுக்கு மேல என் கையில இல்ல."

"மெஷின்தான் பக்கத்து ரூம்லயே இருக்கே?"

"சாவி உங்க அண்ணன்கிட்ட இருக்கும்மா."

அவள் முதலில் புருஷனிடம் சொன்னாள். அடுத்தவர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார், அதில் பொய் இல்லை. அழுது முடித்துவிட்டு, "ஒரு குறிப்பு எழுதி மேல வெக்கிறேன்" என்றார். அவர் குறிப்பு பெரிய சாரின் மேஜைக்குப் போய், 'பரிசீலிக்கலாம்' என்று எழுதப்பட்டுத் திரும்ப அவர் மேஜைக்கே வந்தது. அவர் அதைப் பரிசீலித்து மறுபடியும் மேலே வைத்தார். அவள் தினமும் கேட்டாள், அவர் தினமும் "ஃபைல் நகருது" என்றார்.

"அது எங்கிட்டும் நகரலைங்க. உங்க ரூமுக்கும் அவர் ரூமுக்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது" என்றாள் அவள். "நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மேஜையில கையைத் தட்டிக் கேட்டா என்ன?"

"பெரிய சார்கிட்ட எப்படிம்மா..."

"இம்மாத்தூண்டு இருக்கார் அவர். இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுக் கேளுங்க!"

அடுத்தவர் டையைத் தளர்த்தினார். அன்றிலிருந்து அவள் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அவர் நிம்மதி என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். வீட்டில் இருந்த முக்கால் பங்கு விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த சீட்டுகளைக் கீழே போட்டது. சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறியதைச் சொல்லித் தேம்பியது. "நாளைக்கே உனக்குக் கதிர் வைக்கச் சொல்றேன். என் தங்கச்சிக்கு இல்லாத மெஷின் எதுக்கு?"

"நீ சொன்னா யாரு கேப்பாங்கண்ணே? சொல்ற ஆளு அங்கல்ல இருக்காரு" என்றாள்.

அண்ணி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "அப்ப நேரா போய்க் கேளுங்க. உங்களையே நீங்க கேக்கறதுக்கு என்ன வெக்கம்?"

ஆகவே ஒரு திங்கட்கிழமை முற்பகல் அண்ணனும் தங்கையும் நிலையத்துக்குப் போனார்கள். வாசலில் இருந்த காவலாளிக்கு முக்கால் பங்கை யார் என்று தெரியும், இருந்தாலும் வருகையாளர் சீட்டு கொடுத்துத்தான் உள்ளே விட்டான். பெரிய சார் திண்டின் மேல் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். ஒரே முகம், ஒரே மூக்குக் கண்ணாடி. ஒன்று அழுது வீங்கியிருந்தது, மற்றது சவரம் செய்து மழமழவென்று இருந்தது.

"நீங்க யாரு? அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்றார் பெரிய சார்.

"நான்தான்டா" என்றது முக்கால் பங்கு.

"மரியாதையா பேசுங்க."

தங்கை குறுக்கே புகுந்தாள். குரல் அன்று மிகவும் கட்டிப் போயிருந்தது. "அண்ணே, எனக்குத் தொண்டையில கட்டி. டாக்டரம்மா இப்பவே கதிர் வைக்கணும்னு சொல்றாங்க. சாவியைக் குடு. இல்லேன்னா ஒரு கையெழுத்துப் போடு."

பெரிய சார் அவளைப் பரிவோடுதான் பார்த்தார். மேடையில் இருந்து பொதுமக்களைப் பார்க்கிற பரிவு. "அம்மா, உங்க கஷ்டம் புரியுது. அமைச்சர் அநேகமா அடுத்த மாசம் வர்றார். திறப்பு விழாவுக்கு முன்னாடி மெஷினை ஓட்டினா அது அவருக்குப் பண்ற அவமரியாதை. பார்க்கலாம்."

முக்கால் பங்குக்குப் பொறுக்கவில்லை. மேஜை மேல் எட்டி, பெரிய சாரின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, கோப்பின் அடியில் தானே கையெழுத்துப் போடப் போனது. பேனா தாளில் பட்டதும் கை நின்றுவிட்டது. கையெழுத்து அதன் பங்கில் வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிப் பார்த்தது. அதுவும் வரி கோணி, கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை. பெரிய சார் மணியடித்து உதவியாளரைக் கூப்பிட்டு இருவரையும் வெளியே கொண்டு விடச் சொன்னார். படிக்கட்டில் அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஒண்ணுக்கும் உதவாதவன்மா" என்றார். "நீ நல்லவன்தான். நல்லதெல்லாம் வீட்டுக்கு வந்துடுச்சு, அதுதான் கஷ்டம்" என்றாள் அவள்.

அந்த வாரம் அவள் எக்ஸ்சேஞ்சில் இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, மளிகை மொத்த வியாபாரி ஒருவர் நம்பர் கேட்க லைனில் வந்தார். வழக்கமாக எரிந்து விழுகிற ஆள். அவள் "நம்பர் சொல்லுங்க" என்றதும் மறுமுனையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. "ஐயா, நீங்களா? மன்னிச்சிடுங்க ஐயா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் அதே மாதிரி பதறினார். பக்கத்து சீட்டில் இருந்த பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "அக்கா, உங்க குரல் அப்படியே ரேடியோவுல அமைச்சர் பேசற மாதிரி இருக்குக்கா." அமைச்சரின் குரல் நாடறிந்த குரல். கட்டையாக, உடைந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கும். அதைக் கம்பீரம் என்று பத்திரிகைகள் எழுதும். தொண்டையில் ஒரு கட்டி வளர்ந்தால் யாருக்கும் வந்துவிடுகிற கம்பீரம்தான் அது என்று எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "நிலையத்துக்கு ஒரு டிரங்க் கால் போடு. தலைநகர்ல இருந்துன்னு சொல்லு" என்றாள்.

உதவியாளர் பிற்பாடு சொன்னதுதான் அந்த அறையில் நடந்தது. அமைச்சர் லைனில் இருக்கிறார் என்றதும் பெரிய சார் திண்டின் மேல் எழுந்து நின்றார். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குக் குனிந்தார்.

"அந்த மெஷின் என்னய்யா ஆச்சு?" என்றது குரல்.

"ஐயா வந்து திறந்து வைக்கணும்னுதான் காத்துக்கிட்டிருக்கோம்."

"நான் வரும்போது வர்றேன். அதுவரைக்கும் பூட்டி வெச்சு அழகு பாக்கறீங்களா? நாளைக்கே ஆரம்பிங்க. ஜனங்க பயப்படுவாங்க, முதல்ல உங்க வீட்டு ஆள் யாரையாவது படுக்க வைங்க."

"ஆகட்டும் ஐயா. என் தங்கச்சிக்கே தொண்டையில கட்டி ஐயா."

 "தங்கச்சியா?" என்றது குரல்.

"ஆமாங்கய்யா. பாவம், நல்ல பொண்ணு. வந்து கேட்டா. ஐயா இல்லாம எப்படின்னு நான்தான் அனுப்பிட்டேன்."

பக்கத்து சீட்டுப் பெண் பார்த்தது இது. அக்கா போனின் பேசும் முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துவிட்டுக் கையை எடுத்து, முன்னைவிடக் கட்டையான குரலில் சொன்னாள்: "நல்ல பொண்ணுன்னு தெரியுது இல்ல? அப்புறம் என்னய்யா? கையெழுத்தைப் போடு."

ரிசீவரை வைப்பதற்கு முன்பே பெரிய சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். சாவி பகல் சாப்பாட்டுக்கு முன் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அடுத்தவர்தான், காரில் முன்சீட்டில் உட்கார்ந்து. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அமைச்சரே நேர்ல பேசியிருக்கார். என் குறிப்பு அவ்வளவு தூரம் போயிருக்கு பாரு" என்றார். "போயிருக்கும்" என்றாள் அவள்.

கதிர் வைப்பது வலிக்காது. கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும், தலையை அசையாமல் பிடித்துக் கட்டுவார்கள், எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்துவார்கள், மெஷின் ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான். கோபால்ட் காத்திருந்தே பாதி வீரியம் போயிருந்ததால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்கு நேரம் படுக்க வேண்டியிருந்தது. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது, எச்சில் விழுங்கினால் உயிர் போனது. வாரக்கணக்கில் அவள் பேசவே இல்லை. வீட்டில் இருந்த அண்ணன் தினமும் துணைக்கு வந்து, தங்கள் முறைக்காக வராந்தாவில் காத்திருந்த நோயாளிகளுடன் சீட்டாடிக்கொண்டிருப்பார். அவளுக்குப் பிறகு ஒரு பஸ் கண்டக்டர், அவருக்குப் பிறகு ஒரு டீச்சர் என்று வராந்தா நகர ஆரம்பித்தது. மழைக்காலம் முடியும்போது டாக்டரம்மா கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டுக் கட்டி இல்லை என்றார். குரல் திரும்பி வந்தது, பழைய குரல் இல்லை, கொஞ்சம் மெல்லிய குரல். மளிகை வியாபாரி மறுபடியும் அவள்மேல் எரிந்து விழ ஆரம்பித்தார்.

அமைச்சர் அதற்கும் அடுத்த வருஷம் ஒருவழியாக வந்தார். அன்று நோயாளிகளையெல்லாம் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, தேய்ந்த மெஷினைத் துடைத்து ரிப்பன் கட்டியிருந்தார்கள். கல்வெட்டின் திரையை இழுத்ததும் கல் காற்றில் கொஞ்சம் ஆடியது. பெரிய சாரை ஒரு ஸ்டூல் மேல் நிற்கவைத்து மைக்கைக் கீழே இறக்கினார்கள். அமைச்சர் போனில் கூப்பிட்டு உத்தரவு போட்ட வரலாற்றை அவர் உருக்கமாகச் சொன்னார். எக்ஸ்சேஞ்ச் அக்கா முதல் வரிசையில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் நாற்காலியின் கையை இறுக்கின. அமைச்சர் முதலில் திகைத்தார், பக்கத்தில் இருந்த செயலாளரைப் பார்த்தார், செயலாளர் கூரையைப் பார்த்தார். பிறகு அமைச்சர் மைக் முன் வந்து தொண்டையைச் செருமினார். "ஆமாம். நான்தான் கூப்பிட்டேன்" என்றார். "ஏழை மக்கள் காத்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவளும் தட்டினாள். அந்த அழைப்பு அதோடு உண்மையாகிவிட்டது, இனி யாரும் அதைத் தோண்ட முடியாது.

இதற்குப் பின் வருஷங்கள் ஓடின. அடுத்தவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. கார் அவரை முழுசாகக் கொண்டுவந்து வீட்டில் இறக்கியது. ஆபீசில் ஒரு துளி மிச்சம் இல்லை, போனதை யாரும் கவனிக்கவும் இல்லை. அவர் இயக்குநர் ஆகவே இல்லை. அந்தப் பதவிக்கு வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். பெரிய நாற்காலியில் நகம் அளவுக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தனக்கு வேறொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அமைச்சகம் பெரிய சாருக்கு நீட்டிப்பு கொடுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தவர் கிட்டத்தட்ட முழு உயரத்துக்கு வந்துவிட்டார். மாலை நேரங்களில் மனைவியைப் பாடச் சொல்லிக் கேட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையிடம் சீட்டில் தோற்றார். மின்சாரம் எப்போது இலவசமாகும் என்று யாராவது கேட்டால் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஒரு தவணை முடிந்தபோது நிலையத்திலிருந்து உதவியாளர் போன் செய்தார். இணைப்புக் கொடுத்தது எக்ஸ்சேஞ்ச் அக்காதான். அனுப்ப வேண்டிய பங்கு ஒரு கடுகு அளவுகூட இல்லை, ஜீப்பில் அனுப்பினால் வழியில் தவறிவிடும், தபாலில் அனுப்பலாமா என்று அவர் கேட்டார்.

"இனிமே அனுப்பாதீங்க" என்றாள் அண்ணி. "இங்க இருக்கறவரே எனக்குப் போதும்."

"அப்ப மிச்சத்தை என்ன செய்யறதும்மா?"

"அங்கயே இருக்கட்டும். கையெழுத்து வேணும்னு வர்றவங்களுக்கு ஆள் வேணாமா?"

நிலையத்திலும் அதுதான் சரி என்று பட்டது. மின்விசிறிக் காற்றில் பெரிய சார் பறந்துவிடக் கூடாது என்பதற்காக அவரை மேஜைமேல் வைத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார்கள். கையெழுத்து வேண்டியவர்கள் கிண்ணத்தின் ஓரத்தை லேசாகத் தூக்கி, தாளின் முனையை உள்ளே தள்ளிவிட்டுக் காத்திருப்பார்கள்.